தவிடு போன பிறகு என்ன சிறுதானியம்?

சர்க்கரை இருப்பது தெரிந்ததும் ஒருவர் காதில் விழும் முதல் அறிவுரை, அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறுங்கள் என்பதுதான். மருத்துவர் சொல்கிறார், மளிகைக் கடைக்காரர் சொல்கிறார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் சொல்கிறார். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கடைகளில் குதிரைவாலி அரிசி, வரகு சேமியா, கம்பு பிஸ்கட், ராகி நூடுல்ஸ் என்று இதற்கென்றே அலமாரிகள் வந்துவிட்டன. இந்தியா முன்மொழிந்து ஐ.நா. சபை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்று கணக்குச் சொன்னது. பயமும் விளம்பரமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததில் ஒரு நம்பிக்கை கெட்டிப்பட்டுவிட்டது: பாக்கெட்டின் மேல் சிறுதானியத்தின் பெயர் இருந்தால் போதும், உள்ளே இருப்பது சர்க்கரைக்கு நல்லது.

இந்த நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். கம்பும் சோளமும் குதிரைவாலியும் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. விளாத்திகுளம் பக்கத்துக் குளத்தூர்க் கரிசலில் மானாவாரியாக அவற்றை விளைவித்துத் தின்று உயிர் தரித்த தலைமுறைகளை அறிந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். நான் சொல்வது இதுதான்: அந்தத் தானியங்களின் நன்மையில் பெரும்பங்கு, நம் வயிற்றால் செரிக்க முடியாத பகுதியில் இருக்கிறது. தவிட்டில், தவிட்டின் நாரில், நாரோடு ஒட்டிய துவர்ப்பிலும் நிறத்திலும் இருக்கிறது. அதைச் செரிப்பவை நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள். மில்லில் அந்தப் பகுதியைத் தீட்டி எடுத்துவிட்டு மிச்சத்துக்குப் பழைய பெயரைச் சூட்டி விற்பது, நோயாளியை ஏமாற்றுவது.

ஒரு செடியின் சத்து பாக்டீரியாவின் கைபட்டுத்தான் வேலை செய்யும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட காடுகளில் மானாவாரியாக விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறும் நிலாவரை, உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரிலேயே அறியப்பட்ட சரக்கு. சென்னா என்று வியாபாரிகள் சொல்வதும் இதைத்தான். மலச்சிக்கலுக்குப் பல நாடுகளில் விற்கும் மாத்திரைகளுக்கு மூலப்பொருள் அதன் இலையும் காயும். இலையில் உள்ள சென்னோசைடு என்ற பொருள் வயிற்றில் சிதைவதில்லை, சிறுகுடல் அதை உறிஞ்சுவதும் அபூர்வம். அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரைக் கண்ணிகளை வெட்டி, மிச்சத்தை ரெயின் ஆந்த்ரோன் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றன. குடலை அசைப்பது இந்தப் புதிய பொருள்தான். வேலியோரக் கற்றாழையின் மஞ்சள் பாலுக்கும் இதே கதை. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், குடலில் ஒரு கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அந்தப் பாலிலுள்ள பார்பலோயின் என்ற பொருளைக் கொடுத்தார்கள். பேதியாகவில்லை. அதைச் சிதைக்கத் தெரிந்த ஒரே ஒரு பாக்டீரியா இனத்தைக் குடலில் ஏற்றிய எலிகளுக்குப் பேதியானது. மருந்து ஒன்றுதான், எலியும் ஒரே இனம்தான். நடுவில் பாக்டீரியா இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம்.

தானியத்திலும் நடப்பது இதற்கு நெருக்கமானது. கம்பு, சோளம், கேப்பை ஆகியவற்றின் தவிட்டில் ஃபெருலிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தனியாக மிதப்பதில்லை, தவிட்டின் நாரோடு வேதிப்பிணைப்பால் இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி மனித உடலில் கிடையாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் சிலவற்றிடம் இருக்கிறது. நாரைத் தின்னும்போது அவை அமிலத்தையும் விடுவிக்கின்றன. உணவில் நாம் உட்கொள்ளும் பாலிஃபீனால்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை எட்டுகின்றன என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கழிவாகப் போக வேண்டியது என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்ட பகுதி அது. அங்கே நார் புளித்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுங்கொழுப்பு அமிலங்களாகிறது. பெருங்குடல் சுவரின் செல்கள் தமக்கு வேண்டிய சக்தியின் பெரும்பங்கைப் பியூட்டிரேட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. குடல் சுவரிலுள்ள வேறு சில செல்களை இந்த அமிலங்கள் தூண்ட, அவை ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பசியை அடக்கி, தக்க நேரத்தில் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் அது. இன்று பெரும் விலைக்கு விற்கும் சர்க்கரை, உடல் பருமன் ஊசிகள் பின்பற்றுவதும் அதன் வேலையைத்தான். ஊசியின் வீரியம் கஞ்சியில் கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம், இரண்டுக்கும் இடையே தூரம் அதிகம். ஆனால் வழி ஒன்றுதான். தவிட்டை எடுத்து அந்த வழியை அடைத்துவிடுகிறோம்.

தானியத்தின் பெயர் முக்கியமா, தவிடு முக்கியமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே பதில் கிடைத்திருக்கிறது. மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள், எடை கூடியவர்களுக்கு ஒரு சுற்றில் தீட்டாத அரிசிச் சோற்றையும் இன்னொரு சுற்றில் வெள்ளை அரிசிச் சோற்றையும் கொடுத்து, உடலிலேயே பொருத்திய கருவியால் சர்க்கரையை இடைவிடாமல் அளந்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, தீட்டாத அரிசி தின்ற நாட்களில் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு. இரண்டும் அரிசிதான். எல்லோரும் வில்லனாக்கிய அதே அரிசி, தவிட்டோடு இருந்தபோது வேறு மாதிரி நடந்துகொண்டது. அதே நிறுவனத்தார் 2024இல் தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தையும் தீட்டிப் பார்த்து எழுதினார்கள். தீட்டத் தீட்டப் புரதம், கொழுப்பு, நார், தாது உப்புகள் எல்லாம் இறங்கின. மாவுச்சத்தின் பங்கு ஏறியது. வெள்ளை அரிசிக்கு நேர்ந்தது குதிரைவாலிக்கும் நேர்கிறது. இதை மறைத்துக்கொண்டு, வெள்ளை அரிசி விஷம், வெள்ளைக் குதிரைவாலி மருந்து என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மில்காரர் ஏன் தீட்டுகிறார்? அவர் கெட்டவர் என்பதால் அல்ல. கம்பில் கொழுப்பு அதிகம். இடித்து மாவாக்கியதும் அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. சில நாளிலேயே மாவு காறிப்போய்க் கசக்கும். குதிரைவாலிக்கும் சாமைக்கும் மேலே உமி, அதன் கீழே தவிடு. உமியை நீக்கியே ஆக வேண்டும். ஆனால் தவிட்டை விட்டுவைத்தால் கோடையில் வண்டும் சிக்கும் வரும், பாக்கெட்டில் பல மாதம் தாங்காது. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் கடையின் அலமாரிக்கு ஆறு மாதம் தாங்கும் சரக்கு வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டும், சீக்கிரம் வேக வேண்டும், சோறு உதிரியாக விழ வேண்டும். அந்த அலமாரியின் தேவைக்காகத்தான் தவிடு போகிறது, சாப்பிடுகிறவனின் குடலுக்காக அல்ல. சேமியாவும் பிஸ்கட்டும் இன்னும் ஒருபடி கீழே. தீட்டியதை நைய அரைத்து, மைதாவும் சர்க்கரையும் சேர்த்து, மாவுச்சத்து வாயிலேயே கரைகிற அளவுக்குப் பக்குவம் செய்துவிடுகிறார்கள். பெருங்குடலுக்குப் போய்ச் சேர அதில் என்ன மிஞ்சியிருக்கும்?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. நம் வீட்டுப் பாட்டிமாரும் கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, சுளகில் புடைத்து, தவிட்டை மாட்டுக்குத்தானே வைத்தார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான், வைத்தார்கள். ஆனால் உலக்கை எடுத்தது மேல்தோலின் ஒரு பங்கைத்தான். குத்துகிறவளின் தோள் வலிக்கும் அளவே அதற்கு எல்லை. முளையும் உள்தவிடும் குருணையோடு குருணையாகப் பானைக்குள் போயின. மின்சார மில்லுக்கு அந்த எல்லை இல்லை, வெள்ளை தெரியும்வரை ஓட்டலாம். தவிர, பாட்டி குத்தியது அன்றைக்கோ மறுநாளைக்கோ வேண்டியதை. காறிப்போக நேரமே இல்லாததால், காறிப்போகாமல் இருப்பதற்காகத் தீட்ட வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

படித்தவர்கள் வைக்கும் வாதம் வேறு. ஓர் உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று சொல்லும் கிளைசிமிக் குறியீட்டை அவர்கள் காட்டுவார்கள். ஹைதராபாத் அருகே இக்ரிசாட் நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சிறுதானியங்களின் சராசரிக் குறியீடு 52.7 என்றது. அந்த எண் இப்போது எல்லா விளம்பரத்திலும் ஏறிவிட்டது. அந்த ஆய்வின்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பல தானியங்கள், பல பக்குவங்கள், பல ஊர்களின் சோதனைகள் சேர்ந்து வந்த சராசரி அது. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டுக்கான எண் அல்ல. வேகவைத்த கம்மஞ்சோற்றுக்குக் கிடைத்த மதிப்பை உடனடிக் கம்பு மாவுக் கலவை கடன் வாங்கிக்கொள்ள முடியாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015இல் 800 பேரைத் தொடர்ந்து அளந்தபோது, ஒரே உணவு ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் சர்க்கரையை ஏற்றியது தெரிந்தது. அந்த வேறுபாட்டை முன்கூட்டிக் கணிக்க உதவியவற்றில் ஒன்று, அவரவர் குடல் பாக்டீரியாக்களின் விவரம். ஸ்வீடனிலும் அதே ஆண்டு, மூன்று நாள் பார்லி ரொட்டி தின்று பலன் கண்டவர்களின் குடலில் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா வகை கூடியிருந்தது. தாவர உணவே பிரதானமாக உண்ணும் இந்தியர்களின் குடலில் மிகுதியாகக் காணப்படும் வகை இது. பல காலம் நாரைத் தின்று நாம் சேர்த்து வைத்திருக்கும் சொத்து. நார் கொடுக்காமல் விட்டால் அது தங்காது.

தவிட்டில் இருப்பவை சத்தைத் தடுப்பவை, ஆகவே தீட்டுவதே நல்லது என்று ஒரு தரப்பு சொல்கிறது. பழைய உணவியல் பாடப்புத்தகங்களில் ஊறிய வாதம் அது. பைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும், டானின் புரதத்தைக் கட்டிப்போடும் என்பார்கள். இரண்டும் மெய். டானின் மிகுந்த சோளத்தைக் குருவி கூடச் சீக்கிரம் தொடாது. ஆனால் அதே குணத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009இல் கேப்பைத் தோலின் ஃபீனால்களைப் பிரித்து ஆராய்ந்தபோது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும் நொதிகளை அவை தடுப்பதைக் கண்டார்கள். அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை செய்வதும் அந்த வேலையைத்தான். மேலே செரிக்காமல் நழுவும் மாவுச்சத்து கீழே பாக்டீரியாவுக்கு உணவாகிறது. பைட்டேட்டைக் குறைக்கும் வழியும் இந்த ஊருக்குத் தெரியாததல்ல. ஊறவைப்பது, முளைகட்டுவது, கம்மங்கூழை ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்துக் காலையில் மோர் விட்டுக் கரைப்பது எல்லாம் பைட்டேட்டைச் சிதைக்கும். தவிட்டை அப்புறப்படுத்தாமலேயே தீர்க்கக்கூடிய சிக்கலுக்குத் தவிட்டையே பலிகொடுக்கச் சொல்கிறது இந்த வாதம்.

ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். செடிப்பொருள் எல்லாமே நன்மை என்பது பொய். சூடானின் டார்ஃபர் பகுதியில், கம்பே முழுநேர உணவாக இருந்த ஊர்களில் கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. கம்பிலுள்ள வைடெக்ஸின் போன்ற ஃபிளேவனாய்டுகள் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுப்பதை 1989இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அயோடின் குறைந்த இடத்தில் இந்தத் தீங்கு பெருகும். ஆகவே தைராய்டுக் குறை உள்ளவர்கள் மூன்று வேளையும் கம்பு என்று இறங்கக் கூடாது. கரிசல் வீட்டில் அப்படி யாரும் இறங்கியதும் இல்லை. ஒருநாள் கம்மஞ்சோறு, ஒருநாள் சோளச்சோறு, மழைக்காலத்தில் குதிரைவாலி, பெண்பிள்ளைகளுக்கு உளுந்தங்களி, கூடவே தட்டாம்பயறும் பாசிப்பயறும் சீனியவரைக்காய் வத்தலும். ஒவ்வொன்றின் நாரும் ஒவ்வொரு விதம். வெவ்வேறு நாரை வெவ்வேறு பாக்டீரியா தின்னும். ஒரே தானியத்தை மருந்துபோல வேளை வேளைக்கு எடுத்துக்கொள்ளும் இன்றைய வழக்கம் மரபும் அல்ல, அறிவியலும் அல்ல.

அந்த வழக்கத்தின் அடுத்த கட்டம்தான் சாறு, பொடி, மாத்திரை. வடகிழக்கு மழை விழுந்ததும் கரிசல் காட்டில் தானே கொடியோடிக் காய்க்கும் அதலைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பாகற்காயின் இனம், அதைப்போலவே கசப்பு. விதைத்தவர் இல்லை, உரம் வைத்தவர் இல்லை. பறித்துவந்து சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டு வதக்குவோம், மிஞ்சினால் வற்றலாக்குவோம். எலிகளில் அதன் சாறு சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. உடனே பொடி வந்துவிட்டது, வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் என்ற உபதேசமும் வந்துவிட்டது. எலிக்குக் கொடுத்த அளவிலிருந்து மனிதனுக்கு ஒரு ஸ்பூன் என்ற கணக்கை யார் போட்டார்கள்? பொரியலில் காயின் நார் இருக்கிறது, வெங்காயத்தின் இனுலின் வகை நார் இருக்கிறது, வேலை செய்ய பாக்டீரியாவுக்குத் தீனி இருக்கிறது. பிரித்தெடுத்த சாறு தனியாகப் போய் என்ன செய்யும் என்பது உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சோயாவின் டைட்சீனை ஈகுவால் என்ற வீரியமான பொருளாக மாற்றும் பாக்டீரியா எல்லோர் குடலிலும் இல்லை. மேற்கத்திய மக்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே அந்தத் திறன் உண்டு. மாதுளையின் துவர்ப்பு யூரோலித்தினாக மாறுவதும் அப்படித்தான், ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்ற வாக்குறுதி இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது. பொடியை நம்பி, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நினைத்தால், இந்த வியாபாரத்தின்மேல் வரும் கோபத்தை அடக்க முடியவில்லை. உணவு மாறட்டும், மாத்திரையை மருத்துவர் மாற்றட்டும்.

இதெல்லாம் பழைய கதை, நம் குடல் அரிசிக்குப் பழகிவிட்டது, இனித் திரும்ப முடியாது என்பவர்களும் உண்டு. பாதி சரி. 2015இல் இருபது ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் இருபது தென்னாப்பிரிக்கக் கிராமத்தவரும் இரண்டே வாரத்துக்கு உணவை மாற்றிக்கொண்டார்கள். நார் மிகுந்த கிராமத்து உணவுக்கு வந்த அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்குப் போன கிராமத்தவருக்கு இறங்கியது. ஷாங்காயில் ஜாவ் லிபிங் குழுவினர் பலவகை நார் நிறைந்த முழுத்தானிய உணவை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து, குறுங்கொழுப்பு அமிலம் தரும் பாக்டீரியாக்கள் செழித்தவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக அடங்கியதை 2018இல் எழுதினார்கள். ஆகவே திரும்பலாம், அதுவும் சீக்கிரமாகவே. பயமுறுத்தும் மறுபாதி எலிகளிடமிருந்து வருகிறது. 2016இல் ஸ்டான்ஃபோர்டில் எரிக்கா சொன்னன்பர்க் குழுவினர், மனிதக் குடல் பாக்டீரியாக்களை ஏற்றிய எலிகளை நார் குறைந்த உணவில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை சில இனங்கள் மறைந்துகொண்டே வந்தன. நான்காம் தலைமுறைக்கு மறுபடி நார் கொடுத்தும் போனவை திரும்பவில்லை. தாயிடம் இல்லாததைப் பிள்ளை எங்கிருந்து பெறும்? மனிதர்களில் இது எந்த அளவு உண்மை என்பது இனி தெரியட்டும். ஆனால் வெள்ளைச் சோற்றிலேயே வளரும் இரண்டாம் தலைமுறை இப்போது இங்கே பள்ளிக்கூடம் போகிறது.

அவர்கள் ஏன் அதில் வளர்கிறார்கள் என்பதைப் பேசாமல் உணவு பற்றி மட்டும் பேசுவது, ஏழையைக் குற்றம் சொல்வதில் போய் முடியும். கம்பும் சோளமும் நின்ற புஞ்சையில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. 2018இல் படைப்புழு வந்து தின்று தீர்த்த பிறகும் மக்காச்சோளமே நிற்கிறது. காரணம், வாங்க ஆள் இருக்கிறது. அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. விதைத்தவன் வீட்டில் ரேஷன் அரிசி வேகிறது. அந்த இலவச அரிசி பட்டினியை ஒழித்தது, அதன்மேல் கைவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் 2023 மே மாதம் முதல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் வழியை அரசு திறந்தபோது, கம்பு விளையும் தூத்துக்குடி மாவட்டத்தில் கம்புக்கு ஏன் அந்த வழி இல்லை என்ற கேள்வி எழாமல் போகாது. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் மானாவாரிப் பயிர்களை ஆராயும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விதைக்குக் குறை இல்லை. குறை இருப்பது உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் சிறு எந்திரங்களுக்கும், அவற்றை ஓட்டி வாராவாரம் புதிதாக அரைத்துத் தரும் கிராமத்து மில்களுக்கும்தான்.

விளாத்திகுளம் வட்டாரத்து மகளிர் குழு ஒன்றிடம் அந்த எந்திரத்தைக் கொடுங்கள். அறுவடையை அவர்கள் இங்கேயே வாங்கட்டும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துக் குளத்தூர் சுற்றுப்பள்ளிகளின் சத்துணவுக் கூடங்களுக்குக் கொடுக்கட்டும். ஆறு மாதம் அலமாரியில் கிடக்க வேண்டிய கட்டாயம் இல்லாத தானியத்தைத் தீட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. நிறம் மங்கலாக இருக்கும், வேக நேரம் பிடிக்கும், முதல் சில நாள் பிள்ளைகள் முகம் சுளிக்கும், சிலருக்கு வயிறு பொருமும். பொருமினால் உள்ளே புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அளவைக் கொஞ்சம் குறைத்து, வாரத்தில் இரண்டு நாளிலிருந்து ஆரம்பிக்கலாம்.